கேட்டை மறித்த மகாராஷ்டிரா வண்டி

எங்கள் வீட்டு கேட்டை மறித்து யாராவது காரை நிறுத்திவிட்டுப் போனால் எனக்கு இப்போதெல்லாம் கோபம் வருவதில்லை. இதைப் பெங்களூர் காக்ஸ் டவுனில், அதிலும் எங்கள் தெருவில், நான் வாய்விட்டுச் சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். ஒரு காலத்தில் அந்தத் தெருவில் கார் நிறுத்துகிறவர்கள் போலீசுக்குப் பயந்ததைவிட எனக்குத்தான் அதிகம் பயந்தார்கள். (அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைத் தூரத்தில் கண்டதும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நகர்ந்தார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது.)

எங்கள் வீடு சர்ச்சிலிருந்து நாலு வீடு தள்ளி இருக்கிறது. கேட்கிறவர்கள் "ஆஹா, எவ்வளவு ஆசீர்வாதம்!" என்பார்கள். அவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டிலிருந்து வெளியே வரச்சொல்ல வேண்டும். தமிழ் ஆராதனைக்கு வருகிறவர்களின் கார்கள் முதலில் சாலை ஓரத்தை நிரப்பும். பிறகு நடைபாதையில் இரண்டு சக்கரம் ஏறும். பிறகு நாலு சக்கரமும் ஏறும். அதற்கும் பிறகு வருகிறவர்களுக்கு அவசரம் அதிகம். முதல் பாட்டு தொடங்கியிருக்கும். அவர்கள் கண்ணில் படுவது எங்கள் கேட்டுக்கு முன்னால் இருக்கும் சரிவு. நடைபாதைக் கல்லை வெட்டி, வண்டி ஏறி இறங்க வசதியாக சிமெண்ட் பூசிய சரிவு. தெருவிலேயே காலியாக இருக்கும் ஒரே இடம் அது. கர்த்தரே தங்களுக்கென்று ஒதுக்கி வைத்ததாக நினைத்து நிறுத்திவிட்டுப் போவார்கள்.

நான் விடவில்லை. தமிழ், கன்னடம், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் போர்டு எழுதி மாட்டினேன். யாரும் எந்த மொழியிலும் படிக்கவில்லை. பூந்தொட்டிகளை வரிசையாக வைத்தேன். அவற்றை அழகாக நகர்த்தி வைத்துவிட்டு நிறுத்தினார்கள். ஒரு அம்மாள் நகர்த்திய கையோடு செடிக்குத் தண்ணீர்கூட ஊற்றிவிட்டுப் போயிருந்தார். கடைசியில் "சக்கரத்தில் காற்று பிடுங்கப்படும்" என்று சிவப்பில் எழுதி வைத்தேன். (காற்றை எப்படிப் பிடுங்குவது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.) ஞாயிறு காலையில் நைட்டிமேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு கேட்டருகே காவல் நிற்பேன். யாராவது வந்து வண்டியை ஒடித்தால், பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பை அடக்குகிற குரலை எடுத்து விடுவேன்.

அப்போது அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. எல்லாரும் கேட்பார்கள். "ஏன் மேடம், உங்க வீட்லதான் கார் இல்லையே? ஒரு மணி நேரம்தானே. ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி." கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்பதற்கு இந்த ஊர்க் கன்னடம்.

உண்மைதான். எங்கள் வீட்டில் கார் இல்லை. கார் இல்லாத வீட்டுக்குக் கார் ஏறும் சரிவு எதற்கு என்றால், அதற்கு என் அண்ணன் எட்வினைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அண்ணன் வேலைக்குப் போய் முதன்முதலில் ஒரு பழைய கார் வாங்கினான். மெரூன் நிறம். ஒரு கதவு மட்டும் வேறு மெரூன். அப்போது எங்கள் முற்றத்தில் அப்பாவின் ஸ்கூட்டர், அம்மாவின் குரோட்டன்ஸ் தொட்டிகள், துணி துவைக்கும் கல் எல்லாம் இருந்தன. கார் நுழைய வழியில்லை. எனவே அண்ணன் அதை நடைபாதையில் ஏற்றி நிறுத்தினான். தெருவில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் எங்கள் அப்பா (வீட்டில் 'டாடி'தான், எழுதும்போது அப்பா என்றால்தான் மரியாதையாக இருக்கிறது) முப்பது வருஷம் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் இருந்தவர். மஞ்சள் கோட்டுக்கு உள்ளே நடக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே சம்பளம் வாங்கியவர். வீட்டிலும் சமையலறைக்குப் போகிற வழியில் நாற்காலி இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

"ஜனங்க நடக்கற எடம்டா அது" என்பார் அப்பா.

"எல்லாரும்தான் நிறுத்தறாங்க டாடி."

"எல்லாரும் என் புள்ள இல்ல."

இப்படியே நாலு மாதம் ஓடியது. ஒருநாள், எதிர்வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மாள் அண்ணனுடைய காரைச் சுற்றிக்கொண்டு சாலையில் இறங்கியபோது ஆட்டோ உரசி விழுந்தார். பெரிய அடி இல்லை, முழங்கையில் சிராய்ப்பு. அன்று மாலை எங்கள் வீட்டில் நடந்த சண்டையை நான் எழுதப்போவதில்லை. அதன் கடைசி இரண்டு வரி மட்டும் போதும்.

"அப்ப இந்த வீட்ல எனக்கு எடம் இல்லன்னு சொல்லுங்க" என்றான் அண்ணன்.

"இல்ல" என்றார் அப்பா.

அப்பா சொன்னது கோபத்தில். அண்ணன் எடுத்துக்கொண்டது நிஜமாக. பூனாவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான். நிறுத்துமிடம் இல்லாததால் ஊரை விட்டே போனவன் பெங்களூரில் அவன் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். அதன்பின் அப்பாவும் அவனும் பேசிக்கொள்ளவில்லை. அம்மா மட்டும் சனிக்கிழமை மத்தியானங்களில், துணி காயப்போடும் சாக்கில் மொட்டைமாடிக்குப் போய் அவனோடு போனில் பேசுவாள். மழைக்காலத்திலும் எங்கள் வீட்டில் சனிக்கிழமை தவறாமல் துணி காய்ந்தது. அப்பாவுக்கும் இது தெரியும். அம்மா இறங்கி வரும்போது பேப்பரிலிருந்து முகத்தை எடுத்து, ஏதாவது சொல்வாளா என்று ஒரு நொடி பார்ப்பார். அவள் சொல்ல மாட்டாள். அவர் கேட்க மாட்டார்.

அண்ணன் போன அடுத்த வருஷம் அப்பா ஸ்கூட்டரை விற்றார். குரோட்டன்ஸ் தொட்டிகளை ஒவ்வொன்றாக மொட்டைமாடிக்குத் தூக்கினார். துணி துவைக்கும் கல்லை உடைத்தார். ஒற்றைக் கதவாக இருந்த கேட்டைப் பிடுங்கி இரட்டைக் கதவு வைத்தார். வார்டு ஆபீசுக்கு நடையாய் நடந்து அனுமதி வாங்கி, ஆளை வைத்து நடைபாதைக் கல்லை வெட்டி, அந்தச் சரிவைப் போட்டார்.

"எதுக்கு டாடி இது? நமக்கு கார் ஏது?" என்று கேட்டேன்.

"மழத் தண்ணி வடியறதுக்கு" என்றார்.

எங்கள் முற்றத்தில் எப்போதும் தண்ணீர் நின்றதில்லை. எனக்குப் புரிந்தது, மேலே கேட்கவில்லை. சரிவைப் பாதுகாப்பது என் வேலை என்று அன்றைக்கே எடுத்துக்கொண்டேன். இதனால்தான் "உங்க வீட்ல கார் இல்லையே" என்று யாராவது சொன்னால் எனக்கு அப்படிப் பற்றிக்கொண்டு வரும்.

ஆண்டுகள் போயின. அந்தச் சரிவில் கார் ஏறவே இல்லை. பிறகு ஒருநாள் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் ஆகி, சக்கர நாற்காலிக்கு வந்தார். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தவருக்கு, கொஞ்சம் தேறியதும் ஒரே ஒரு ஆசை. சர்ச்சுக்குப் போக வேண்டும். நாலு வீடு தூரம். காரில் ஏற்றி இறக்குவதைவிட நாற்காலியோடு தள்ளிக்கொண்டு போய்விடலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஒரு ஞாயிறு குறித்தோம். நான்தான் அந்தப் படையெடுப்பின் தளபதி.

அந்த ஞாயிறு காலையில் வழக்கம்போல் காவலுக்கு நின்றேன். ஏழெட்டுப் பேரை விரட்டினேன். பிறகு அப்பா உள்ளேயிருந்து கத்தினார்.

"ஷீலா, என் டை எங்க?"

அந்த டையைத் தேட நான் உள்ளே போன நேரம்தான் என்னைக் கவிழ்த்தது. டை அலமாரியில் இல்லை, கட்டிலுக்கு அடியில் இல்லை. அப்பாவின் கழுத்திலேயே, சட்டைக் காலருக்குள் போய் மாட்டியிருந்தது. சாம்பல் நிறக் கோட்டு, நீல டை, பளபளவென்ற ஷூ என்று மாப்பிள்ளை மாதிரி அவரை உட்கார வைத்து, தள்ளிக்கொண்டு போய் கேட்டின் இரண்டு கதவையும் பெருமையாகத் திறந்தேன்.

சரிவின் வாயை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளை கார்.

சாலை ஓரத்தை ஒட்டி, அளவெடுத்த மாதிரி நிறுத்தியிருந்தார்கள். அதற்கும் சரிவுக்கும் இடையே பூனை போகலாம், நாற்காலி போகாது. இரண்டு பக்கமும் நடைபாதைக் கல் ஒரு அடி உயரம். நம்பர் பிளேட்டைப் பார்த்தேன். மகாராஷ்டிரா வண்டி.

"பாத்தீங்களா டாடி, வெளியூர்க்காரனுங்க! எங்கேயிருந்தோ வர்றது, நம்ம ஊர்ல வந்து நம்ம வழிய அடைக்கிறது!" என்று ஆரம்பித்தேன். (கணக்கு டீச்சர் நான். பூனா எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று அந்த நேரத்தில் யாராவது கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.)

கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தேன். பின்சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புதிய கைத்தடி ஒன்று படுத்திருந்தது. "கைத்தடி வேற! நடக்க முடியாதவங்களோட கஷ்டம் தெரிஞ்சும் நிறுத்தியிருக்கான் பாருங்க" என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா காரையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"விடு ஷீலா. யாரோ என்னமோ. கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம்."

"மம்மி, நீங்க இப்படி எல்லாருக்கும் எடம் குடுத்துத்தான் தெருவே கெட்டுப்போச்சு!"

போகிற வருகிறவர்கள் இரண்டு பேர் நின்று, "தூக்கி அந்தப் பக்கம் வச்சிடவா அங்கிள்?" என்று கேட்டார்கள். அப்பா கையை உயர்த்தித் தடுத்தார்.

"நாலு பேர் தூக்கிட்டுப் போற நாள் ஒண்ணு வரும். அதுவரைக்கும் நான் சக்கரத்துலதான் போவேன்."

அப்பாவின் பிடிவாதத்தில் பாதி எனக்கும் வந்திருக்கிறது. மீதிப் பாதி அண்ணனுக்கு. நான் விறுவிறுவென்று சர்ச்சுக்கு நடந்தேன். வாசலில் நின்ற சர்ச் ஊழியரான கோயில்பிள்ளையிடம் வண்டி நம்பரைச் சொல்ல, அவர் போய் ஆயரின் காதில் சொல்ல, பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவே ஆயர் மைக்கில் நிதானமாக அறிவித்தார். "மகாராஷ்டிரா பதிவு எண் கொண்ட வெள்ளை நிறக் காரின் உரிமையாளர் அன்புகூர்ந்து வண்டியை நகர்த்தும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்."

யாரும் எழுந்திருக்கவில்லை. எல்லாரும் பக்கத்தில் இருப்பவரைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. எப்படி நடந்து போனேன் என்று தெரியாது. மைக் முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"இந்தச் சபையில யாரோ ஒருத்தர் எழுந்திரிக்க வெக்கப்படறீங்க. பரலோகத்துக்கு வழி கேட்டு வந்திருக்கீங்க. அடுத்தவங்க வீட்டு வழிய அடைச்சிட்டு எந்த மூஞ்சியோட கேக்கறீங்க? எங்க டாடி சக்கர நாற்காலில வாசல்ல ஒக்காந்திருக்கார். ஒங்க கல் நெஞ்சுக்கு அது தெரியலையா? எழுந்திரிங்க! தைரியமா எழுந்திரிங்க! மனந்திரும்புங்க!"

என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே பிரசங்கம் அது. சர்ச்சில் கூட்டம் அதிகமாகி வெளியே நிற்பவர்களுக்காக வாசல் பக்கம் ஒரு ஒலிபெருக்கி வைத்திருப்பார்கள் என்பதும், அதன் வழியாக என் குரல் தெருமுனை வரைக்கும் போகிறது என்பதும் எனக்கு அப்போது உறைக்கவில்லை. பாடகர் குழுவில் ஒரு பெண் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். முன்வரிசையில் என்னுடைய ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். குற்ற உணர்ச்சி தாளாமல் ஒரே ஒருவர், பின்வரிசைப் பெரியவர், எழுந்து நின்றார். அவரிடம் இருந்தது சைக்கிள்.

வெளியே வந்தேன். என் நல்ல நேரம் என்று அப்போது நினைத்தேன்: தெருமுனையில், கண்ட இடத்தில் நிறுத்திய கார்களை இழுத்துப்போகும் போலீஸ் டோயிங் வண்டி வந்துகொண்டிருந்தது. ஊரே அந்த வண்டியைக் கண்டால் ஒளிந்துகொள்ளும் காலம் அது. நான் மட்டும் நடுச்சாலையில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றேன்.

"சார், இல்லி நோடி! நம்ம கேட்டை ஃபுல்லா அடைச்சிட்டான். எங்க தந்தெ சர்ச்சுக்கு ஹோகபேக்கு!" என்று, இங்கே பாருங்கள், அப்பா சர்ச்சுக்குப் போக வேண்டும் என்பதை எனக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் கலந்து கொடுத்தேன்.

வண்டியில் இருந்த போலீஸ்காரர் இறங்கி, காரைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார், கோட்டு சூட்டில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தார். போட்டோ எடுத்தார். மைக்கில் நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டார். யாரும் வரவில்லை. முன் சக்கரங்களில் கொக்கி மாட்டித் தூக்கினார்கள். கார் தலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது நான் கைதட்டினேன். ஆமாம், கைதட்டினேன். இதை இல்லையென்று சொல்ல வழியே இல்லை, சாட்சிகள் நிறைய.

அப்போதுதான் முனையில் இருந்த பேக்கரியிலிருந்து ஒரு ஆள் பாய்ந்து வந்தான். ஒரு கையில் கடித்த காரா பன், மறுகையில் கார் சாவி. தாடி, தொந்தி, முன் தலையில் வழுக்கை. "ஷீலு! ஏய் ஷீலு! நிறுத்தச் சொல்லுடி!" என்று கத்திக்கொண்டே டோயிங் வண்டியைத் துரத்தினான்.

என்னை 'ஷீலு' என்று கூப்பிடுகிறவன் உலகத்தில் ஒருவன்தான் இருக்கிறான்.

பிறகு நானும் ஓடினேன். பட்டுப்புடவையில், ஒரு செருப்பு பின்னால் எங்கேயோ தங்கிவிட, "சார் பேடா சார்! பிட்பிடி சார்! எங்க அண்ணன் சார்!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். சற்று முன்னால் நடுச்சாலையில் கையை விரித்து வண்டியைக் கூப்பிட்ட அதே பெண் இப்போது விட்டுவிடச் சொல்லி ஓடி வருவதை அந்தப் போலீஸ்காரர் கண்ணாடியில் பார்த்திருப்பார். பைத்தியம் என்று முடிவு செய்திருப்பார். வண்டி வேகமெடுத்து மெயின் ரோட்டில் திரும்பி மறைந்தது.

நாங்கள் இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு சாலையில் நின்றோம். அவன் கையிலிருந்த காரா பன்னை என்னிடம் நீட்டினான். நான் வாங்கி ஒரு கடி கடித்தேன். பிறகு அழுதேன். வாயில் பன்னை வைத்துக்கொண்டு அழுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எப்போடா வந்தே?"

"காலைலயே வந்துட்டேன். கேட்டுகிட்ட வந்து தாழ்ப்பாள்ல கை வச்சிட்டேன். உள்ளேருந்து டாடி குரல். டை எங்கன்னு திரும்பத் திரும்பக் கேட்டுட்டிருந்தார். அதே குரல் ஷீலு. கால் பேக்கரிக்குப் போயிடுச்சு."

"அப்புறமாவது வரக் கூடாதா?"

"ஆயர் வண்டிய நகர்த்தச் சொன்னதும் வரலாம்னுதான் எழுந்தேன். அதுக்குள்ள ஸ்பீக்கர்ல நீ மனந்திரும்பச் சொன்னே. பன் தொண்டையிலேயே நின்னுடுச்சு. நீங்கல்லாம் திரும்ப வீட்டுக்குள்ள போனதும் சத்தமில்லாம வண்டிய எடுத்துட்டுப் போயிடலாம்னு பாத்தேன்."

அவன் சாவியைக் காட்டினான். கையில் இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கையில் அதன் பல் பதிந்திருந்தது. அந்தக் காரை யாரும் இழுத்துப்போகாமல் அது அங்கேயே நின்றிருந்தால் அவன் போயிருப்பான். அவன் வந்ததே எங்களுக்குத் தெரிந்திருக்காது.

வீட்டுப் பக்கம் திரும்பினோம். அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளால் சனிக்கிழமையே சொல்ல முடியாத ஒன்று இருந்திருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா முதல்முறையாக சர்ச்சுக்குப் போகிறார் என்று அவள் போனில் சொன்னதற்கு அவன் "பாக்கறேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவள் வாசலில் நின்ற ஒவ்வொரு காரையும் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அது தெரியாமல் அவளுக்கு நான் தெரு ஒழுங்கைப் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறேன்.

அப்பா சரிவின் உச்சியில் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அண்ணன் சரிவின் அடியில் போய் நின்றான். இத்தனை வருஷம் கழித்து என்ன சொல்வார்? "எதுக்கு வந்தே" என்று கேட்டுவிட்டால்? கேட்கக்கூடியவர்தான்.

அப்பா தொண்டையைச் செருமினார்.

"பிளாட்பாரத்துல ஏத்தி நிறுத்தலையே?"

"இல்ல டாடி" என்றான் அண்ணன். "கீழதான் நிறுத்தினேன். ஜனங்க நடக்கற எடத்த விட்டுட்டுத்தான். நம்ம கேட்டுதானேன்னு..."

அந்தத் தெருவில் அன்று நின்ற கார்களிலேயே நடைபாதையில் ஒரு சக்கரம்கூட ஏறாமல் நின்ற கார் அது ஒன்றுதான். அதைத்தான் நான் தேர்ந்தெடுத்து இழுத்துப்போகச் சொல்லியிருந்தேன்.

அப்பா தலையைத் திருப்பி, திறந்து கிடந்த கேட்டின் உள்ளே பார்த்தார். காலி முற்றம். ஸ்கூட்டர் இல்லை, தொட்டி இல்லை, கல் இல்லை. அண்ணனும் பார்த்தான். அவன் முதல்முறையாகப் பார்க்கிறான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் கேட்டு மூடியிருந்தது. இரும்புத் தகடு அடித்த கேட்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

"உள்ள எடம் இருக்குடா" என்றார் அப்பா. "ரொம்ப நாளா இருக்கு."

அண்ணன் சரிவில் ஏறி வந்து நாற்காலியின் பின்னால் போய் நின்றுகொண்டான். முகத்தை அப்பா பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் பின்னால் போனான். அப்பாவும் திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் தோளுக்கு மேல் தூக்கினார். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டான்.

நாங்கள் சர்ச்சுக்குப் போய்ச் சேர்ந்தபோது கடைசி ஆசீர்வாதம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்பாவைத் தள்ளிக்கொண்டு ஒரு தாடிக்காரன், பின்னால் அழுத கண்ணோடு அம்மா, அதற்கும் பின்னால் ஒற்றைச் செருப்போடு நான். எல்லாத் தலையும் திரும்பியது. ஆராதனை முடிந்து வாசலில் கை குலுக்கும்போது ஆயர் அக்கறையாக விசாரித்தார்.

"அந்த மகாராஷ்டிரா கார்க்காரர் கிடைச்சாராம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார்.

"கெடச்சான் ஐயா."

வண்டியை அன்றைக்கு விட மாட்டோம், திங்கட்கிழமை வா என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள். எனக்கு அவர்கள்மேல் இன்றுவரை தனி மரியாதை. அன்று மத்தியானம் அண்ணன் எங்களோடு பிரியாணி சாப்பிட்டுவிட்டு அவனுடைய பழைய அறையில் குறட்டை விட்டுத் தூங்கினான். அப்பா அந்த அறை வாசலில் சக்கர நாற்காலியை நிறுத்திக்கொண்டு பேப்பர் படித்தார். ஒரு பக்கத்தையும் திருப்பவில்லை. மறுநாள் கார் வந்தது. அப்பா நாற்காலியில் முற்றத்தில் உட்கார்ந்து, "லெஃப்ட்ல ஒடி... இன்னும் ஒடி... போதும், நேரா வா" என்று தொழிற்சாலையில் லாரிக்குச் சொல்வதுபோல் சொல்லச் சொல்ல, அந்தச் சரிவில் முதல்முறையாக ஒரு கார் ஏறி உள்ளே வந்தது. இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் மிச்சம் இருந்தது. அப்பா அதைக் கையால் அளந்து பார்த்துக்கொண்டார்.

நாலு பேர் தூக்கிப் போகும் நாளும் பிறகு வந்தது. முன்னால் வலது பக்கத்தில் அண்ணன் இருந்தான்.

இதெல்லாம் நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. எங்கள் குடும்பத்தில் யார் வீட்டுக் கல்யாணமானாலும், பந்தியில் யாராவது ஒருவர் இந்தக் கதையைத் தொடங்குவார்; என் கைதட்டலில் வந்து முடிப்பார். யாராவது ரொம்ப நாள் வரவில்லை என்றால், "ஷீலாகிட்ட சொல்லுங்க, கட்டி இழுத்துட்டு வந்திடுவா" என்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் அண்ணன் வரவேண்டிய கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்கவில்லை என்று போனில் சொல்லும்போது, எந்த வண்டியைக் கூப்பிட்டு அவனை இழுத்து வருவது என்று எனக்குத் தெரிவதில்லை.

என் போர்டுகளையெல்லாம் அம்மா கழற்றச் சொல்லிவிட்டாள். இப்போது யாராவது எங்கள் சரிவை மறித்து நிறுத்தினால் நான் கத்துவதில்லை. அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு மெல்லப் போய் நம்பர் பிளேட்டைப் பார்ப்பாள். பிறகு கண்ணாடியில் இரண்டு கையையும் குவித்து வைத்து உள்ளே எட்டிப் பார்ப்பாள். அதற்குப் பிறகு பேக்கரிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். காக்ஸ் டவுனில் தைரியமாகக் கேட்டை மறிக்க ஏற்ற வீடு இதுதான் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. முற்றத்தையாவது வாடகைக்கு விடுங்கள், கார் நிறுத்திக்கொள்கிறோம் என்று பலரும் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். அம்மா மாட்டேன் என்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய கறுப்பு வண்டி கேட்டின் இரண்டு கதவையும் சேர்த்து மறித்துக்கொண்டு நின்றது. யாருடையது என்று தெரியாது. அம்மா போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். அப்போது அண்ணனிடமிருந்து போன் வந்தது. அவன் எப்போதும் கேட்கும் முதல் கேள்வியைக் கேட்டான்.

"என்ன மம்மி, கேட்டு காலியா இருக்கா?"

அம்மா ஜன்னல் வழியாக அந்தக் கறுப்பு வண்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"காலியாத்தான்டா இருக்கு" என்றாள். "நீ எப்ப வர்றே?"